பிஎஸ்டிபி ரெசிடென்சி: சேரும் முன் பிரித்துப் பார்க்க வேண்டியவை

எம்டியும் பிஎச்டியும் சேர்த்து முடித்தவர்களுக்கும், பிஎச்டி இல்லாமலே லேபில் ஊறிப்போன எம்டிக்களுக்கும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் ஒரு தனி ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிறகான மருத்துவமனைப் பயிற்சி) டிராக் வைத்திருக்கின்றன. பிசிஷியன் சயின்டிஸ்ட் டிரெயினிங் புரோகிராம், சுருக்கமாக பிஎஸ்டிபி. வார்டில் நோயாளியையும் பார்க்க வேண்டும், லேபில் சொந்தக் கேள்வியையும் துரத்த வேண்டும் என்பவர்களுக்கானது. புரோகிராம்களின் இணையதளங்களைப் படித்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்: பாதுகாக்கப்பட்ட ஆய்வு நேரம், சிறந்த வழிகாட்டிகள், உறுதியான ஃபெலோஷிப் (ரெசிடென்சிக்குப் பின் வரும் உபபிரிவுப் பயிற்சி). உள்ளே போனால்தான் வித்தியாசம் தெரியும், அப்போது தெரிந்து பயனில்லை. யாருக்கு எந்த இடம் என்று கணினி பொருத்தித் தரும் மேட்ச் முடிவு இரு தரப்பையும் கட்டிப்போடும்.

எனவே இங்கே பிஎஸ்டிபியைக் காசு கொடுத்து வாங்கும் சேவைபோலவே வைத்துப் பார்ப்போம். அதற்கு விண்ணப்பிக்கும் ஈராஸ் தளம், அதோடு வரும் கூடுதல் படிவங்கள், நேர்காணல், கடைசியில் இடங்களை விருப்ப வரிசையில் அடுக்கும் ரேங்க் லிஸ்ட், எல்லாமும் இதில் அடக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த டிராக்கில் மதிப்புள்ள சரக்கு ஒன்றே ஒன்று: ஆய்வு ஆண்டுகளுக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்பது எழுத்தில் இருக்கிறதா என்பது. மற்றதெல்லாம் நல்ல சாதாரண ரெசிடென்சியிலும் கேட்டு வாங்கிக்கொள்ளக்கூடியவை.

முதலில் கணக்கு. பொது மருத்துவத்தில் அமெரிக்க போர்டான ஏபிஐஎம் ‘ரிசர்ச் பாத்வே’ என்று ஒரு தனி வழி வைத்திருக்கிறது. வழக்கமாக மூன்று ஆண்டு எடுக்கும் ரெசிடென்சியை இதில் 24 மாதத்தில் முடிக்கலாம். அதில் 20 மாதம் நேரடி நோயாளிப் பொறுப்பாக இருக்க வேண்டும். பிறகு உபபிரிவு ஃபெலோஷிப். அதன் மருத்துவப் பயிற்சி பிரிவைப் பொறுத்து ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை நீளும். அதன்மேல் மூன்று ஆண்டு ஆய்வு, நேரத்தில் 80 சதவீதம் லேபுக்கு. கூட்டினால் 6 அல்லது 7 ஆண்டு. வழக்கமான வழியில் 3 ஆண்டு ரெசிடென்சி, 3 ஆண்டு ஃபெலோஷிப் என்று அதுவும் 6 ஆண்டுதான். ‘ஓராண்டு மிச்சம்’ என்ற விளம்பரத்தை நம்பி வருகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மிச்சமாகிற அந்த ஓராண்டு அப்படியே ஆய்வுக்குப் போய்விடுகிறது. வழக்கமான வழியில் வந்து, ஃபெலோஷிப்புக்குப் பிறகும் இரண்டு மூன்று ஆண்டு லேபில் உட்கார்ந்து சொந்த கிராண்டுக்கு (ஆய்வு நிதிக்கு) எழுதுகிறவரோடு ஒப்பிட்டால் மட்டுமே காலம் மிச்சம்.

மூன்றாம் ஆண்டை விடுவதற்கு ஒரு விலையும் உண்டு. ரெசிடென்ட் டீமை நடத்திப் பழகுவது, இரவில் தனியாக முடிவெடுத்துப் பழகுவது, இதெல்லாம் அந்த ஆண்டில்தான் கனியும். நடுவில் மனம் மாறி ஆய்வை விட்டால், விட்ட மூன்றாம் ஆண்டை முடித்த பிறகே பொது மருத்துவ போர்டு தேர்வுக்குத் தகுதி வரும். ஆய்வில் இருப்போம் என்று பாதி மனதோடு இருப்பவர்கள் இந்த 24 மாத ஷார்ட் டிராக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். பல இடங்களில் பிஎஸ்டிபியில் சேர்ந்தும் மூன்று ஆண்டு ரெசிடென்சியை முழுதாக முடிக்க அனுமதிக்கிறார்கள். நேர்காணலில் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிற துறைகளில் வடிவம் வேறு. குழந்தை மருத்துவத்தில் இரண்டு வழி: ரெசிடென்சியின் மூன்று ஆண்டுக்குள்ளேயே 11 மாதம் வரை ஆய்வைச் செருகும் ஒருங்கிணைந்த வழி, இரண்டு ஆண்டிலேயே ரெசிடென்சியை முடித்து நான்கு ஆண்டு ஃபெலோஷிப்புக்குப் போகும் விரைவு வழி. தோல் மருத்துவத்தில் ‘2+2’ என்பார்கள், இரண்டு ஆண்டு மருத்துவப் பயிற்சி, இரண்டு ஆண்டு ஆய்வு. கதிர்வீச்சுப் புற்றுநோயியலிலும் ரேடியாலஜியிலும் ரெசிடென்சிக்குள்ளேயே ஆய்வுக்கு நேரம் ஒதுக்கும் ஹோல்மன் பாத்வே உண்டு. பேத்தாலஜியில் மருத்துவ ஆய்வகப் பிரிவை மட்டும் தனியாக மூன்று ஆண்டில் முடிக்கலாம். லேப் ஆட்களுக்கு இதைவிட அமைதியான ரெசிடென்சி வேறில்லை, ஆனால் விண்ணப்பிக்கிறவர்கள் பலர் இதைப் பரிசீலிப்பதே இல்லை. அறுவை சிகிச்சையில் பிஎஸ்டிபி என்ற பெயர் அபூர்வம். ரெசிடென்சியின் நடுவில் இரண்டு ஆண்டு லேபுக்குப் போய்த் திரும்பும் பழைய வழக்கமே அங்கே நடக்கிறது.

இனி ஈராஸ். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் இந்தத் தளம்தான் பெரும்பாலான துறைகளுக்கு ஒரே வாசல். மகப்பேறு மருத்துவமும் அவசர மருத்துவமும் அண்மையில் வேறு தளத்துக்குப் போய்விட்டன. கட்டணம் குறித்து அதிகம் புகார் சொல்ல முடியாது. 2025 பருவத்தில் ஒரு துறைக்குள் முதல் 30 புரோகிராம் வரை தலைக்கு 11 டாலர், அதற்குமேல் தலைக்கு 30 டாலர். 25 இடத்துக்கு 275 டாலர். 40 இடத்துக்கு 630 டாலர். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யூஎஸ்எம்எல்இயின் மதிப்பெண் பட்டியலுக்குத் தனிக் கட்டணம். ஒரே புரோகிராமின் சாதாரண டிராக்குக்கும் பிஎஸ்டிபி டிராக்குக்கும் சேர்த்து டிக் செய்தால் இரட்டைக் கட்டணம் இல்லை. ஆகவே பிஎஸ்டிபி இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டையும் டிக் செய்வதுதான் சரி. சில கல்லூரிகள் பிஎஸ்டிபிக்கு ஈராஸில் தனி டிராக்கே வைத்திருக்காது. சாதாரண டிராக்கில் விண்ணப்பித்துவிட்டுத் தனியாக மின்னஞ்சல் அனுப்பச் சொல்லும். இது அவர்கள் இணையதளத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கும். ஆகஸ்டிலேயே ஒவ்வொரு இடத்துக்கும் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால், அக்டோபரில் ‘உங்கள் கூடுதல் படிவம் வரவில்லை’ என்ற மறுப்பு வரும். சில இடங்களில் அந்த மறுப்புகூட வராது.

படிவத்தின் வடிவமைப்புதான் கோளாறு. அது சாதாரண ரெசிடென்ட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அனுபவங்களுக்கு மொத்தம் 10 பெட்டி, ஒவ்வொன்றிலும் 750 எழுத்து. அவற்றில் மூன்றை ‘மிக முக்கியம்’ என்று குறித்து இன்னொரு 300 எழுத்து எழுதலாம். நான்கு ஐந்து ஆண்டு பிஎச்டி உழைப்புக்கும், வார இறுதி இரத்த அழுத்த முகாமுக்கும் ஒரே அளவுப் பெட்டி! 750 எழுத்து என்பது ஆங்கிலத்தில் ஏறத்தாழ 110, 120 சொல். அதில் பலர் செய்கிற காரியம், உத்திகளை அடுக்குவது: கிரிஸ்பர் செய்தேன், ஆர்என்ஏ சீக்வென்சிங் செய்தேன், ஃப்ளோ சைட்டோமெட்ரி செய்தேன். படிக்கிறவர் இதயநோய் நிபுணராகவோ சிறுநீரக நிபுணராகவோ இருப்பார். அவருக்கு இது லேப் பொருள் பட்டியல்போலத்தான் தெரியும். வேலை செய்கிற அமைப்பு இது: முதல் வாக்கியத்தில் கேள்வி, அதுவும் நோயோடு சேர்த்து. இரண்டாவதில் நீங்கள் தனியாகச் செய்த பகுதி எது. மூன்றாவதில் என்ன கண்டீர்கள், எதிர்பார்த்ததற்கு மாறாக வந்ததா. கடைசியில் அது எங்கே போய் நின்றது: கட்டுரையா, காப்புரிமையா, லேபில் அடுத்தவர் தொடர்கிற திட்டமா. உத்தியின் பெயர் ஒன்றோ இரண்டோ போதும்.

கட்டுரைகளின் பெயர்களை இந்தப் பெட்டியில் வீணாக்க வேண்டாம். வெளியீடுகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அங்கே எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. வகைதான் கவனம். ஏற்கப்பட்டது, அனுப்பப்பட்டது, வெளிவந்தது என்பதற்குத் தனித்தனி நிலை உண்டு. பயோஆர்க்கைவ் இணையக் களஞ்சியத்தில் போட்ட முன்பிரதியை (பிரிபிரின்ட்) சக ஆய்வாளர் மதிப்பீடு பெற்ற கட்டுரை வரிசையில் போட்டால், நேர்காணலில் உட்காரும் விஞ்ஞானி அரை நிமிடத்தில் தேடிப் பார்த்துவிடுவார். மதிப்பீடு பெறாத இணைய வெளியீடு என்ற வகையில் போட்டு, முன்பிரதி என்று தெளிவாகக் குறிப்பதே நல்லது. ஒரே வேலையைச் சுவரொட்டி, சுருக்கம், வாய்மொழி உரை, கட்டுரை என்று நான்காக ஏற்றுவது விதிப்படி தவறில்லை. ஆனால் பிஎஸ்டிபி தேர்வுக் குழு எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. முதல் ஆசிரியராக எது இருக்கிறது, அது யாருடைய யோசனை என்பதையே கேட்கும்.

தளத்தின் இன்னொரு எரிச்சல்: சான்றளித்து அனுப்பிவிட்டால் பிறகு அனுபவத்தையோ வெளியீட்டையோ திருத்த முடியாது. செப்டம்பர் தொடக்கத்தில் அனுப்பும் வசதி திறக்கும், புரோகிராம்கள் செப்டம்பர் கடைசி வாரத்தில்தான் பார்க்கத் தொடங்கும். அந்த இடைவெளியில் முதல் நாளே அனுப்பி எந்த லாபமும் இல்லை. புரோகிராம்களுக்குத் திறக்கும் நாளுக்குமுன் அனுப்பிய எல்லோரும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். கட்டுரை முடிவு எதிர்பார்த்திருப்பவர்கள் கடைசி சில நாள் வரை காத்திருப்பது புத்திசாலித்தனம். அக்டோபரில் ஏற்பு வந்தால் புரோகிராமுக்கு நான்கு வரியில் ஓர் அஞ்சல், அவ்வளவுதான் வழி.

பரிந்துரைக் கடிதம் ஒரு புரோகிராமுக்கு நான்குதான் இணைக்க முடியும். பொது மருத்துவத்தில் பல இடங்கள் துறைத் தலைவர் கடிதம் ஒன்று கேட்கும். பிஎச்டி கைடு கடிதம் இல்லாமல் பிஎஸ்டிபி கோப்பு நகராது. மிச்சம் இரண்டும் வார்டில் உங்களைப் பார்த்தவர்களுடையதாக இருக்க வேண்டும். இரண்டாவது ஆய்வுக் கடிதம், ஆலோசனைக் குழு உறுப்பினர் கடிதம் போன்றவற்றுக்கு இடம் இல்லை. கூடுதல் படிவத்தில் ஏற்ற வழியிருந்தால் அங்கே வைக்கலாம். இதில் நடக்கும் பெரிய தவறு, நான்கில் மூன்றை லேப் கடிதமாக வைப்பது. தேர்வுக் குழுவின் உள்ளூரப் பயமே, பிஎச்டிக்காக நான்கு ஆண்டு வார்டை விட்டவர் இரவுப் பணியில் தடுமாறுவாரோ என்பதுதான். யூஎஸ்எம்எல்இயின் ஸ்டெப் 1 தேர்வு 2022 ஜனவரியிலிருந்து வெறும் பாஸ், ஃபெயில் ஆகிவிட்டதால் எடை முழுவதும் ஸ்டெப் 2 மதிப்பெண்ணின் மீதும், மூன்றாமாண்டு வார்டு மதிப்பீட்டின் மீதும், இந்த இரண்டு கடிதங்களின் மீதும் விழுகிறது. பிஎஸ்டிபி என்றாலும் முதல் வடிகட்டி சாதாரண ரெசிடென்சி குழுவினுடையதே. அவர்கள் வேண்டாம் என்றால் நோபல் பரிசு பெற்றவர் கடிதம் தந்தாலும் உள்ளே போக முடியாது.

சிக்னல்கள் என்று ஒன்று வந்திருக்கிறது. உங்களுக்கு உண்மையிலேயே விருப்பமான இடங்களுக்கு அதை முன்கூட்டிச் சொல்லும் வசதி. பொது மருத்துவத்தில் 2024–25 பருவத்தில் 3 தங்கம், 12 வெள்ளி. டிராக்குக்குத் தனிச் சிக்னல் கிடையாது, புரோகிராமுக்குத்தான். பிஎஸ்டிபி இயக்குநர்கள் சிலர் இதைக் கண்டுகொள்வதில்லை என்று சொன்னாலும், சாதாரணக் குழு முதலில் வடிகட்டுகிற இடங்களில் சிக்னல் இல்லாத கோப்பு அடியில் போய்விடும். மூன்று தங்கத்தையும் நாடறிந்த பெரிய பெயர்களுக்கே கொடுத்துத் தீர்க்காமல், உங்கள் ஆய்வுக்குச் சரியான லேப் இருக்கிற இடத்துக்கு ஒன்றாவது வைக்க வேண்டும்.

ஈராஸுக்கு ஐந்தில் இரண்டரை. கட்டணத்துக்கும் நிலைத்தன்மைக்கும் மதிப்பெண், ஆய்வு மருத்துவரை ஒரு பெட்டிக்குள் மடக்குவதற்குக் கழிவு.

அந்தப் பெட்டியில் அடங்காததையெல்லாம் சொல்லத்தான் கூடுதல் படிவம். பெரும்பாலும் ஒரு பக்க ஆய்வு அறிக்கை, விரும்பும் ஃபெலோஷிப், சந்திக்க விரும்பும் விஞ்ஞானிகள் நான்கிலிருந்து ஆறு பேர். ஆய்வு அறிக்கையில் முக்கால் பக்கத்தைச் செய்து முடித்த பிஎச்டிக்கே செலவழிக்கிறார்கள். அது ஏற்கனவே கோப்பில் மூன்று இடத்தில் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு போதும். பாதிப் பக்கம் அடுத்து கேட்கப்போகிற கேள்விக்கு. மிச்சம், அந்தக் கேள்வியை இந்த ஊரில் கேட்பதால் என்ன கூடுதல் என்பதற்கு: அங்கே மட்டும் இருக்கும் நோயாளித் தொகுப்பு, திசு வங்கி, ஒரு குறிப்பிட்ட விலங்கு மாதிரி. கல்லூரியின் பெயரை மாற்றி அடுத்த இடத்துக்கு அனுப்ப முடிகிற பத்தி என்றால் அதை எடுத்துவிடலாம்.

விஞ்ஞானிகள் பட்டியலை இணையதளப் படங்களைப் பார்த்துத் தயாரிக்கக் கூடாது. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்ஐஎச்சின் ரிப்போர்ட்டர் என்ற பொதுத் தரவுத்தளம் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் விஞ்ஞானியின் பெயரைப் போட்டால் எந்த கிராண்ட் ஓடுகிறது, எப்போது முடிகிறது என்று தெரியும். நீங்கள் லேபுக்குள் நுழையப்போவது இன்றிலிருந்து மூன்று நான்கு ஆண்டு கழித்து. அதற்குமுன் அவருடைய எல்லா கிராண்டும் முடிகிறது என்றால் அவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி கிடைத்துவிட்டது. அதே தளத்தில் கல்லூரியின் பெயரோடு டி32 என்று தேடினால், ஃபெலோக்களுக்குச் சம்பளம் தருகிற பயிற்சி கிராண்டுகள் எத்தனை, எந்தத் துறையில், எந்த ஆண்டு புதுப்பிக்க வேண்டும் என்பதும் வந்துவிடும். புரோகிராமின் வண்ணப் பிரசுரத்தில் இதெல்லாம் இருக்காது.

நேர்காணல் 2020க்குப் பிறகு பெரும்பாலும் ஜூம்தான். வழக்கமாக இரண்டு பகுதி: ஒன்று ரெசிடென்சிக்கு, மற்றது விஞ்ஞானிகளோடு தலைக்கு அரைமணி. ஃபெலோஷிப் பிரிவின் தலைவரும் அப்போதே பார்ப்பார், ஏனென்றால் ரெசிடென்சிக்கும் ஃபெலோஷிப்புக்கும் சேர்த்தே இடம் தருகிறார்கள். உங்கள் ஆய்வை உங்கள் துறை அல்லாதவருக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழக வேண்டும். ‘போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) செய்தால் போதாதா, ரெசிடென்சி எதற்கு?’ என்று கட்டாயம் கேட்பார்கள். நோயாளிகளைப் பிடிக்கும் என்ற பதில் யாரிடமும் எடுபடாது. உங்கள் கேள்விக்கு வார்டு எப்படி விடை தரும் என்று சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியவைதான் அதைவிட முக்கியம். ஃபெலோஷிப் ‘உறுதி’ என்கிறார்களே, எந்த நிபந்தனையில் உறுதி? முதலாண்டில் பிரிவை மாற்றினால்? ஆய்வு ஆண்டில் சம்பளம் பிஜிஒய் (பட்டத்துக்குப் பின் எத்தனையாவது பயிற்சி ஆண்டு) நிலைப்படியா, டி32 நிலைப்படியா? இது சிறு கேள்வி இல்லை. என்ஐஎச் 2024 நிதியாண்டுக்கு அறிவித்த தொடக்க போஸ்ட்டாக் உதவித்தொகை 61,008 டாலர். ரெசிடென்சி ஆண்டுகளை அனுபவமாகக் கணக்கிட்டு மேல்படியில் வைப்பார்கள் என்றாலும், கடலோரப் பெருநகரங்களில் நான்காமாண்டு ரெசிடென்ட் சம்பளம் பல இடங்களில் 80,000 டாலரைத் தாண்டுகிறது. இடைவெளியைத் துறை நிரப்புகிறதா என்பதே கேள்வி. டி32க்கு மாறும்போது நீங்கள் ஊழியர் என்ற நிலை மாறி, ஓய்வூதியப் பங்களிப்பும் காப்பீட்டு வகையும் மாறுகிற இடங்களும் உண்டு. டி32இன் முதல் 12 மாதத்துக்குத் திருப்பிச் செலுத்தும் கடமை ஒன்று இருக்கிறது. இரண்டாம் ஆண்டும் ஆய்வில் தொடர்ந்தால் அது கழிந்துவிடும், ஓராண்டிலேயே கிளம்பினால் தலையில் நிற்கும்.

சேர்க்கைக் கடிதத்தின் வாசகத்தைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒரு வகைக் கடிதம் இப்படிப் போகும்: ‘ஆய்வுக் காலத்தில் தகுந்த நிதி ஆதரவு பெற்றுத்தர எல்லா முயற்சியும் எடுக்கப்படும்.’ இன்னொரு வகை: ‘மூன்று ஆய்வு ஆண்டுகளுக்கும் பிஜிஒய் நிலைச் சம்பளத்தைத் துறை ஏற்கும், பயிற்சி கிராண்டில் இடம் கிடைக்காவிட்டாலும் இது பொருந்தும்.’ முதலாவது ஆறுதல், இரண்டாவதுதான் சரக்கு. 2025 பிப்ரவரியில் என்ஐஎச் மறைமுகச் செலவுக்கு (கட்டடம், நிர்வாகம் போன்றவை) 15 சதவீத வரம்பு அறிவித்து, நீதிமன்றம் அதைத் தடுத்து, கல்லூரிகள் பல செலவைச் சுருக்கிய பிறகு, இந்த இரண்டு வாக்கியத்துக்கும் உள்ள தூரம் இன்னும் கூடியிருக்கிறது. ஆய்வு நிதி பையாக ஒரு தொகை தருகிறார்களா, எத்தனை டாலர், கணினிக்கும் மாநாட்டுக்கும் மட்டுமா, வேதிப்பொருளுக்கும் செல்லுமா என்பதையும் கேட்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

80 சதவீத நேரம் என்பதிலும் ஓட்டை உண்டு. வாரத்துக்கு அரைநாள் தொடர் கிளினிக் ஏபிஐஎம் விதியிலேயே இருக்கிறது, அது 10 சதவீதம். மிச்சம் 10 சதவீதத்தில் வார இறுதி அழைப்புப் பணி, ஆள் வராதபோது மாற்றாகப் போவது, மூத்த ஃபெலோவுக்கான வேலைகள் எல்லாம் நுழையும். இதை இயக்குநரிடம் கேட்டால் பாடப்புத்தகப் பதில்தான் வரும். இப்போது ஆய்வு ஆண்டில் இருக்கிற ஃபெலோ ஒருவரிடம், கடந்த மாதம் எத்தனை நாள் வார்டுக்கு அழைக்கப்பட்டார் என்று கேட்டால் உண்மை வரும். கூடவே, கடந்த ஐந்தாறு ஆண்டில் முடித்தவர்களில் எத்தனை பேருக்கு கே08 அல்லது கே23 (ஆய்வு மருத்துவர்களுக்கான தொடக்ககால என்ஐஎச் கிராண்ட்) கிடைத்தது, எத்தனை பேர் இப்போது முழுநேர மருத்துவப் பணியில் இருக்கிறார்கள் என்று பெயர்ப் பட்டியலோடு கேட்கலாம். நல்ல புரோகிராம் இதைத் தயாராக வைத்திருக்கும். மழுப்புகிற இடத்தை ரேங்க் லிஸ்டில் கீழே இறக்கத் தயங்க வேண்டாம்.

பிஎச்டி இல்லாதவர்களுக்கும் கதவு மூடியில்லை. என்எச்எல்பிஐ (என்ஐஎச்சின் இதய, நுரையீரல், இரத்தப் பிரிவு) முதலிய நிறுவனங்களின் ஆர்38 கிராண்ட் இருக்கிற கல்லூரிகளில் ரெசிடென்சிக்குள்ளேயே ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை ஆய்வு நேரம் கிடைக்கும். பரோஸ் வெல்கம் நிதியம் சில கல்லூரிகளுக்கு எம்டி மட்டும் படித்தவர்களை ஆய்வுக்குக் கொண்டுவரவே பணம் தந்திருக்கிறது. யூசிஎல்ஏவின் ஸ்டார் புரோகிராமில் ஃபெலோஷிப் காலத்தில் பிஎச்டியே முடிக்கலாம். கல்விக் கடன் இருப்பவர்களுக்கு என்ஐஎச் கடன் அடைப்புத் திட்டம் ஆண்டுக்கு 50,000 டாலர் வரை, இரண்டு ஆண்டு ஒப்பந்தமாகத் தருகிறது. குறைந்தது வாரம் 20 மணி நேரம் ஆய்வில் இருந்தால் போதும்.

இதுவரை சொன்னதில் பாதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். சென்னை மருத்துவக் கல்லூரியிலோ வேலூர் சிஎம்சியிலோ எம்பிபிஎஸ், சிஆர்ஆர்ஐ என்ற கட்டாயப் பயிற்சி முடித்து, பிறகு அமெரிக்க லேபில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு இந்த டிராக்கைக் குறிவைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது: டி32இல் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவரை நியமிக்க முடியாது. கே08, கே23, கடன் அடைப்புத் திட்டம் எல்லாவற்றுக்கும் அதே நிபந்தனை. கே99/ஆர்00 என்ற போஸ்ட்டாக் கிராண்ட் மட்டும் விசாவில் இருப்பவர்களுக்கும் திறந்திருக்கிறது. எனவே உங்கள் விஷயத்தில் ‘டி32 இல்லாவிட்டாலும் துறை சம்பளம் தரும்’ என்ற வாக்கியம் இல்லாத புரோகிராம் அடிப்படையிலேயே பொருந்தாது.

விசாவும் கணக்கைக் குலைக்கும். ரெசிடென்சிக்கான ஜே-1 விசா அதிகபட்சம் 7 ஆண்டு. பிஎஸ்டிபியும் 6 அல்லது 7 ஆண்டு. இழுபறிக்கு இடமே இல்லை. முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும், அல்லது விலக்கு வாங்க வேண்டும். பலரும் எடுக்கும் கான்ராட் 30 விலக்கு, மருத்துவர் பற்றாக்குறைப் பகுதியில் மூன்று ஆண்டு முழுநேர மருத்துவப் பணி கேட்கும். 80 சதவீதம் லேப் என்ற திட்டம் அங்கேயே உடைந்துவிடும். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் வழியாகவும், சுகாதாரத் துறையின் ஆய்வு விலக்கு வழியாகவும் சிலர் தப்பிக்கிறார்கள், ஆனால் அதற்குக் கல்லூரியின் முழு ஆதரவு வேண்டும். எச்-1பி வேலை விசா என்றால் சேரும் முன்பே ஸ்டெப் 3 முடித்திருக்க வேண்டும், ஆறு ஆண்டு வரம்பு உண்டு. 2025 செப்டம்பரில் வந்த அதிபர் அறிவிப்பு, நாட்டுக்கு வெளியிலிருந்து வருவோருக்கான புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் வைத்தது; எந்தப் புரோகிராமும் அதைச் சுலபத்தில் தலையில் ஏற்றிக்கொள்ளாது. நேர்காணலுக்கு முன்பே, இதற்குமுன் விசாவில் வந்தவரை பிஎஸ்டிபியில் எடுத்திருக்கிறீர்களா என்று ஓர் அஞ்சல் போட்டுக் கேட்டுவிடுவது இரு தரப்புக்கும் நேர மிச்சம்.

ரேங்க் லிஸ்ட், மேட்சை நடத்தும் என்ஆர்எம்பி அமைப்பின் தளத்தில். பதிவுக்கு 70 டாலர், 20 பெயர் வரை கூடுதல் செலவில்லை. பிஎஸ்டிபிக்கும் சாதாரண டிராக்குக்கும் தனித்தனிக் குறியீடு. பொது மருத்துவத்தில் சாதாரண டிராக் 140சி0 என்று முடிந்தால், ஆய்வு டிராக் 140சி1 அல்லது சி2 என்று முடியும். இதைக் கவனிக்காமல் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வருவோர் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. கல்லூரி அ, ஆ, இ என்று மூன்று என்றால் பட்டியல் ஒருவருக்கு இப்படி இருக்கலாம்: அ ஆய்வு, ஆ ஆய்வு, அ சாதாரணம், இ ஆய்வு, ஆ சாதாரணம், இ சாதாரணம். இ-யின் ஆய்வு டிராக்கைவிட அ-வின் சாதாரண இடம் மேல் என்று அவர் நினைக்கிறார்; சாதாரண வழியில் போனாலும் அந்த லேப் கிடைக்கும் என்ற கணக்கு. எல்லா ஆய்வு டிராக்கையும் மேலே, எல்லாச் சாதாரணத்தையும் கீழே என்று இயந்திரத்தனமாக அடுக்க வேண்டியதில்லை. ஆல்வின் ராத் குழு வடிவமைத்து 1998 முதல் நடப்பில் உள்ள கணக்கு முறை விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்தே தொடங்குகிறது. கிடைக்குமா என்று யோசித்துப் பெயரைக் கீழே இறக்கினால் இழப்பு உங்களுக்குத்தான். சில கல்லூரிகள் பிஎஸ்டிபிக்குக் குறியீடே வைக்காமல், எல்லோரையும் சாதாரண டிராக்கில் எடுத்துவிட்டு இன்டர்ன் ஆண்டில் (ரெசிடென்சியின் முதலாண்டு) தேர்வு செய்யும். அங்கே மேட்ச் நாளில் உங்கள் கையில் இருப்பது வெறும் ரெசிடென்சிதான். அதற்கேற்ற இடத்தில் வையுங்கள்.

சம்பளமும் நிபந்தனையும் எழுத்தில் வேண்டுமென்றால் கேட்க வேண்டியது பட்டியல் மூடுவதற்கு முன், அதாவது பிப்ரவரியில். எங்களை எத்தனையாவது இடத்தில் வைத்தீர்கள் என்று புரோகிராம் கேட்கக் கூடாது. ஆனால் ஒப்பந்தத்தின் மாதிரியை நீங்கள் கேட்கலாம், கேட்டால் தர வேண்டும். மார்ச் மூன்றாம் வெள்ளிக்கிழமை முடிவு வந்த பிறகு பேரம் பேச ஒன்றும் மிஞ்சாது.

மேட்ச் ஆனவர்கள் இன்டர்ன் ஆண்டில் இரண்டு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. ஒன்று ஸ்டெப் 3. பல மாநிலங்களில் மூன்று ஸ்டெப்பையும் 7 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். எம்டி-பிஎச்டி படித்தவர் ஸ்டெப் 1 எழுதியதே பிஎச்டிக்கு முன்னால் என்பதால் கணக்கு அப்போதே ஓடத் தொடங்கிவிட்டது. இரட்டைப் பட்டத்துக்குப் பல மாநிலங்கள் சலுகை தருகின்றன, எல்லாம் தருவதில்லை. வேலை பார்க்கும் மாநிலத்தின் விதியை மட்டுமல்ல, பின்னால் போக நினைக்கும் மாநிலத்தின் விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ரிசர்ச் பாத்வேயில் இருக்கிறீர்கள் என்பதைப் புரோகிராம் இயக்குநர் ஏபிஐஎம்மின் பதிவில் ஏற்றியிருக்கிறாரா என்று கேட்டு உறுதி செய்துகொள்வது. ஏற்றியிருக்காவிட்டால் போர்டின் கணக்கில் நீங்கள் மூன்றாண்டு ரெசிடென்ட். 24 மாதம் முடிந்து லேபுக்குப் போகும் நேரத்தில் அது தெரியவந்தால், திருத்துவதற்கு அலைகிறவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.